ஆமா போடத் தெரியாதவன்

போன ஆடி மாதம் குண்டடத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆரம்பித்த ஒரு விளையாட்டு மூன்றாவது அமர்வோடு நின்றுபோனது. அன்றைக்கு அடித்த காற்றில் காகிதமெல்லாம் பறந்து, பகடைகளை எடுத்து மேலே வைத்து அழுத்திக்கொண்டு ஆடினோம். நின்றதற்குக் காற்று காரணமில்லை, நான்தான். இது எனக்குப் புரிய இரண்டு மாதம் பிடித்தது. ஏன் என்று யோசித்தபோது, இந்த விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. இந்தப் பதிவு அந்த ஓட்டையைப் பற்றியது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சாலேயே கதையை நகர்த்தும் விளையாட்டு. ஆளுக்கொரு கதாபாத்திரம். அது என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் பகடை உருட்ட வேண்டும். ஒருவருக்கு மட்டும் கதாபாத்திரம் கிடையாது. உலகம், ஊர்மக்கள், எதிரிகள், மழை, வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர். நான் நடத்துநர் என்று எழுதுவேன். பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்தால் வரட்டும். வேலையும் ஏறக்குறைய அதுதான்: எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பது, படியில் தொங்குகிறவரை உள்ளே இழுப்பது, விசில் கொடுப்பது.

எட்டு வருடமாக எங்கள் குழுவில் விசில் என் கையில்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றதும் ஊருக்கு வந்துவிட்டேன். குண்டடம் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருப்பது இந்த விஷயத்தில் வசதி. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் பழைய வகுப்புத் தோழன், தாராபுரத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒரு தம்பி, மூவரும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்கள். நான் நடத்துவேன், அவர்கள் ஆடுவார்கள்.

போன வருடம் தம்பி கேட்டான்: "ஒருக்கா நான் நடத்திப் பாக்கட்டுங்களாண்ணா?"

எனக்கு ரொம்ப சந்தோஷம். எட்டு வருடம் சமைத்தவனுக்கு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த மாதிரி.

அவன் எடுத்துக்கொண்ட களம் 2011, திருப்பூர். அந்த ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்கும்வரை திறக்கக் கூடாது என்றதும் 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. தம்பியின் கதை அப்படி மூடிக்கிடக்கும் ஒரு பட்டறையில் நடக்கிறது. ராத்திரியில் பூட்டிய கட்டடத்துக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் வருகிறது. நான் வாட்ச்மேன், விரிவுரையாளர் கணக்குப்பிள்ளை, தறிக்காரத் தோழன் லாரி டிரைவர். விதிகளை 1981இல் வந்த கால் ஆஃப் கத்துலு விளையாட்டிலிருந்து எடுத்து, அதிலுள்ள பூதங்களை எல்லாம் கழற்றிவிட்டு வைத்திருந்தான். பெயருக்குப் பத்து முகப் பகடை இரண்டு. நூற்றுக்குள் ஒரு எண் விழும், உன் திறமை எண்ணுக்குக் கீழே விழுந்தால் ஜெயம். அவ்வளவுதான்.

நல்ல யோசனை என்று முதல் அமர்விலேயே தெரிந்தது. மூன்றாவது அமர்வில் நான் சொன்னேன்: "பாய்லர் ஆப்பரேட்டர்தாம்ப்பா. முதல் நாளே அவரைப் பத்தி ரெண்டு வாட்டி சொல்லிட்ட. நானா இருந்தாலும் அவரைத்தான் வெச்சிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அரைமணி நேரத்தில் கதையை முடித்தான். அடுத்த ஞாயிறு கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி என்றான். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான்.

எல்லா அமர்வுகளையும் செல்போனில் பதிவு செய்வது என் வழக்கம். ஆராய்ச்சிப் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி அந்த மூன்றாவது அமர்வைத் திரும்பக் கேட்டேன். விதியைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். அவன் ஒரு இடத்தை விவரிக்க ஆரம்பித்தால் முடிக்கும் முன்பே அது எதற்கு என்று ஊகிக்கிறேன். இவை கெட்ட பழக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை உறுத்தியது மூன்றாவது ஒன்று. விரிவுரையாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தபோது, நான் ரொம்ப அக்கறையாகக் கேட்கிறேன்: "சார், உங்க கணக்குப்பிள்ளை இப்ப என்ன பண்றாருங்க?"

நல்ல கேள்விதான். எட்டு வருடமாகக் கேட்டுப் பழகிய கேள்வி. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க வேண்டியவன் தம்பி. பதிவில் தெளிவாகக் கேட்கிறது: அவன் "சார்..." என்று ஆரம்பிக்கிறான், அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்த அமர்வு முழுக்க விரிவுரையாளர் என் பக்கம் பார்த்தே பதில் சொல்லியிருக்க வேண்டும். குரல் என் போனுக்கு நெருக்கமாகவே கேட்கிறது. நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். என் கெட்ட பழக்கங்கள் தம்பியை எரிச்சலாக்கியிருக்கும். அவன் வேலையைப் பிடுங்கிக்கொண்டது என் நல்ல பழக்கம்.

இங்கேதான் புத்தகங்கள் மேல் என் புகார்.

இந்தத் துறையின் முதல் புத்தகமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் ஆசிரியர்கள். அடுத்த சில வருடங்களில் கைகாக்ஸ் அதை விரித்து எழுதியபோது ஆட்டக்காரர் கையேட்டை 1978இலும் நடத்துநர் கையேட்டை 1979இலும் தனித்தனிப் புத்தகமாகவே கொண்டுவந்தார். நடத்துநர் கையேட்டை ஆட்டக்காரர்கள் வாசிக்கக் கூடாது என்று முன்னுரையிலேயே பாதி விளையாட்டாக, பாதி மிரட்டலாக எழுதினார். ரகசியம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது காரணம். அன்றைக்கு அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிரிவினை ஒரு எண்ணத்தை விதைத்துவிட்டது: ஆட்டக்காரர் ஒரு சாதி, நடத்துநர் இன்னொரு சாதி. ஒருவரே இன்றைக்கு அந்தப் பக்கமும் நாளைக்கு இந்தப் பக்கமும் உட்காருவார் என்பது அந்தப் பிரிவினையில் இல்லை.

அதே 1978 கையேட்டில் ஆட்டக்காரர்களுக்கான அறிவுரைப் பகுதியும் உண்டு. எப்படித் திட்டமிட்டுப் போவது, எதைக் கொண்டுபோவது, எப்படி உயிரோடு திரும்புவது என்பவைதான் அதில் முக்கியம். படையெடுப்புக்கான குறிப்பு என்றே சொல்லலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரும் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வந்த ஒரு மனிதர் என்ற நினைப்பு அதில் குறைவு.

பின்னால் வந்தவர்கள் நிறைய மாற்றினார்கள். வின்சென்ட் பேக்கரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) நடத்துநர் கடைப்பிடிக்க வேண்டிய கொள்கைகளைப் பட்டியலாகவே கொடுத்தது. அன்று வரை அனுபவத்தால் மட்டும் வந்த விஷயத்தை விதியாக எழுதிக்காட்டியது பெரிய காரியம். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோ (2009) நடத்துநரையே எடுத்துவிட்டது. ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) ஆட்டக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாகவே ஒரு பகுதி எழுதியிருக்கிறது. கதையின் தொனிக்கு ஆட்டக்காரரும் பொறுப்பு, அதிக எண் உள்ள திறமைக்காகச் செயலை வளைக்காதே என்பது போன்றவை. எனக்குப் பிடித்த பக்கங்கள் அவை. ஆனால் அவையும் ஆட்டத்துக்குப் புதிதாக வருகிற ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவைதான். விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பயணியாக ஏறுகிற கண்டக்டருக்கு அங்கே எதுவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பது ஒரு வாய்வழி நம்பிக்கை: நடத்திப் பழகியவர்தான் நல்ல ஆட்டக்காரர், கஷ்டம் தெரிந்தவர் என்பதால். நானும் இதை நம்பினேன். என் அனுபவத்தில் இது தப்பு. கஷ்டம் தெரிந்தவன் உதவப் போவான். உதவப் போகிறவன் மேற்பார்வை பார்ப்பான். ஒரு பவர் டேபிள் யூனிட்டில் சூப்பர்வைசர் ஒருநாள் ஆள் குறைகிறதென்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களிடம் கேளுங்கள். அவர் பீஸ் தைப்பார், சரிதான். ஆனால் கண் பக்கத்து மிஷின் மேலேயே இருக்கும். சாஃப்ட்வேரிலும் இதே கதை. குழுத் தலைவராக இருந்தவர் ஜூனியர் பொறுப்பேற்ற புராஜெக்ட்டில் கோட் எழுத வந்தால், அவர் எழுதும் ஒவ்வொரு கருத்துரையும் உத்தரவாகத்தான் படிக்கப்படும். அவர் மனதில் அப்படி இல்லாவிட்டாலும்.

பிரபலமான ஒரு உதாரணத்தைப் பார்க்கலாம். கிரிட்டிக்கல் ரோல் என்ற அமெரிக்க நிகழ்ச்சி 2015இல் நேரலையாக இந்த விளையாட்டை ஆடிக்காட்ட ஆரம்பித்தது. அப்போது நடத்துநர் மேத்யூ மெர்சர். எக்ஸாண்ட்ரியா என்ற கற்பனை உலகம் அவர் உருவாக்கியது. 2021இல் அதே உலகத்தில் எக்ஸாண்ட்ரியா அன்லிமிடெட் என்று ஒரு குறுந்தொடர் வந்தது. நடத்தியவர் ஆப்ரியா ஐயங்கார், ஆட்டக்காரர்களில் ஒருவர் மெர்சர். நினைத்துப் பாருங்கள், உலகத்தைப் படைத்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த உலகத்தை இன்னொருவர் நடத்த வேண்டும். மெர்சர் எடுத்துக்கொண்ட கதாபாத்திரம் டேரியாக்ஸ் என்ற குள்ள மந்திரவாதி. வெள்ளந்தி, அறிவு கொஞ்சம் கம்மி. தனக்கு எல்லாம் தெரியும் என்பதை மறைக்க, எதுவும் தெரியாத ஒருவனைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் அதை நம் மேசைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. வெள்ளந்தி வேஷம் சீக்கிரமே காமெடியன் வேஷம் ஆகிவிடும், எல்லார் கண்ணும் அந்தப் பக்கம்தான் திரும்பும். தெரிந்ததை ஒளித்துவைப்பது ஒரு வழி. தெரிந்ததை வைத்துக்கொண்டே இரண்டாவது ஆளாக இருப்பது வேறு ஒரு வழி. அதற்கான பயிற்சி எங்கள் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் அமெரிக்கப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். பொன்னர், சங்கர், தங்காள் கதை. இரவு இரவாகப் பல நாள் நடக்கும். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர். 1965இல் இந்தக் கதையை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். பிற்பாடு 1992இல் அது சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாக இரண்டு தொகுதிகளாக அச்சில் வந்தது. தலைமைப் பாடகர் இ. சி. ராமசாமி. அவரோடு துணைக்கு இன்னொருவர், ஓலப்பாளையம் பழனிசாமி. இந்த "இன்னொருவர்" மேல்தான் எனக்கு இப்போது ஆர்வம்.

சின்ன வயதில் கோயில் திடலில் உடுக்கைப் பாட்டு கேட்டவர்களுக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும். முதல் ஆள் ஒரு வரி சொல்வார், இவர் "ஆமா" போடுவார். முதல் ஆள் இழுத்துப் பாடி நிறுத்தினால், இவர் கடைசி அடியைத் திருப்பி எடுப்பார். அந்த நேரத்தில் முதல் ஆள் மூச்சு வாங்கிக்கொள்வார், அடுத்த வரியை யோசித்துக்கொள்வார். நடுநடுவே கேள்வி வரும்: அப்புறம்? ஏன் அப்படிப் பண்ணாரு? யாருங்க அது?

இவருக்கு கதை தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனையோ ராத்திரி கூடவே உட்கார்ந்து பாடியவர். தேவைப்பட்டால் அந்த உடுக்கையை வாங்கி விடியும்வரை அவரே சொல்லவும் கூடும். இருந்தும் "அப்புறம்?" என்று கேட்கிறார். அவர் கேட்பது தெரிந்துகொள்வதற்கு இல்லை. சொல்கிறவருக்கு அடுத்த அடி வைக்க ஒரு கல்லைப் போட்டுக் கொடுக்கிறார்.

நான் தம்பியின் மேசையில் கேட்ட கேள்விகளை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கேள்விகள் எல்லாம் என்னிடம் பதில் இருந்த கேள்விகள். துணைப்பாடகர் கேட்பது, முதல் பாடகரிடம் பதில் இருக்கும் கேள்வி. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் எட்டு வருடத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. எழுத்தில் தேடினாலும் கிடைக்காது. கதை அச்சுக்கு வரும்போதும், நாவலாகும்போதும், சினிமாவாகும்போதும் முதலில் காணாமல் போவது அந்த ஆமாதான். "ஆமாஞ்சாமி" என்ற வசவாக மட்டும் அது நம் பேச்சில் மிஞ்சியிருக்கிறது.

ஐப்பசியில் தம்பியைப் போய்ப் பார்த்தேன். கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் பத்து நிமிடம் கிடைத்தது. நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னது சரிதானுங்ணா. சத்தம் போட்டது பாய்லர்காரர்தான். ஆனா அது கண்டுபுடிக்கிற விஷயமில்லீங்ணா. போய்ப் பாக்கிற விஷயம்."

அப்புறம்தான் சொன்னான். அவன் அப்பா ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆப்பரேட்டர். பட்டறை மூடின பிறகும் ராத்திரி போய் வால்வுகளை ஒருதடவை திருப்பிவிட்டு, துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டு வருவாராம். இறுகிப்போகக் கூடாதென்று. மறுபடி திறப்பார்கள் என்ற நம்பிக்கை. அந்தச் சத்தம்தான் கதையில் வந்த சத்தம். கதையில் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் கதவைத் திறந்து உள்ளே போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்திருந்தான். நான் வாசலிலேயே விடையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்கழியில் மறுபடி ஆரம்பித்தோம். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் தம்பி சொன்னான்: "நீங்க இப்படிப் பேசாம இருந்தா எக்ஸாம் ஹால்ல சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குதுங்ணா."

அதுவும் சரிதான். அடக்கமும் ஒருவிதக் கண்காணிப்பாகத் தெரியும், முன்னால் இருப்பவர் எட்டு வருடம் நடத்தியவர் என்றால். துணைப்பாடகர் சும்மா உட்காருவதில்லையே. விடிய விடிய அவர் வாயும் ஓய்வதில்லை. ஆனால் கதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை.

இப்போது நான் செய்வது சில எளிய விஷயங்கள். தம்பி விவரித்து முடித்ததும் அதில் ஒன்றைப் பிடித்து, என் வாட்ச்மேன் வாயால் கேட்கிறேன்: "அந்தக் கதவுல பூட்டு புதுசுங்களா, பழசுங்களா?" பதில் அவனிடம் இருக்கும், அல்லது அந்த நிமிடம் பிறக்கும். இரண்டும் அவனுடையது. விதி தப்பானால் விட்டுவிடுகிறேன். யாருடைய கதாபாத்திரமாவது அதனால் சாகப் போகிறதென்றால் மட்டும், அதுவும் அவன் கேட்டால், சொல்கிறேன். விரிவுரையாளர் அமைதியாக இருந்தால் நான் அவரைக் கூப்பிடுவதில்லை. என் வாட்ச்மேன் அவருடைய கணக்குப்பிள்ளையிடம் போய் பீடிக்கு நெருப்புக் கேட்கிறான். பேச்சு தானாக அவரிடம் போகிறது, விசில் தம்பியிடமே இருக்கிறது. ஊகம் வந்தால் நோட்டில் எழுதி மூடிவைத்துவிடுகிறேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகிறது என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

என் பழைய குழுவைப் பற்றியும் யோசிக்கிறேன். எட்டு வருடத்தில் எத்தனை தடவை தறிக்காரத் தோழன் எனக்கு "அப்புறம்?" போட்டிருப்பான்! பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்கிறேன். என் நல்ல அமர்வுகள் என்று நான் நினைத்திருந்தவற்றில் அவன் குரல் ஓயாமல் கேட்கிறது. "சரி... அட... அப்படியா... பொறகு?" நான் நன்றாக நடத்துகிறேன் என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்ததில் பாதி அவனுடையது. அவன் எந்தப் புத்தகமும் படித்தவனில்லை. வருடா வருடம் கோயிலில் உடுக்கைப் பாட்டு கேட்டு வளர்ந்தவன்.

போன ஞாயிறு கதையில் நாங்கள் பட்டறைக்குள் போனோம். பாய்லர்காரர் துணியால் ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி அவராகப் பேசினான். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோழன் கேட்டான், "இது திறந்தாங்கன்னா நீங்க மறுபடி வருவீங்களா?" தம்பி பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை. பகடையும் உருட்டவில்லை.